உடம்பு கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது: ரங்கூனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் சீழும் பார்க்கிற வேலை எனக்கு, இருபது வருடங்களுக்கும் மேலாக. ரிசல்ட் தாள் பர்மியத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கேள்வி மட்டும் தமிழில் வரும். கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில், டீக்கடையில் மோகிங்கா ஆறிக்கொண்டிருக்கும்போது என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒரு தாளை நீட்டி, "இது என்னன்னு சொல்லுங்கக்கா" என்பார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதிலையும் எழுதிவைத்தேன். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதற்கு இங்கே பதில் கிடையாது. அது உங்களைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியது. கிருமி என்று இங்கே சொல்வதெல்லாம் பாக்டீரியாவைத்தான். வைரஸின் கதை வேறு.

"அக்கா, கிருமி கண்ணுக்கே தெரியாது. உடம்புக்குள்ள கண்ணும் இல்ல. அப்புறம் வந்தது கிருமின்னு எப்படித் தெரியுது?"

தொட்டுத்தான். என் பாட்டிக்குப் பார்வை போன பிறகும் முறத்தில் கையை வைத்து, இது பழைய அரிசி, இது புது அரிசி, இதில் உமி கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். வெள்ளை அணுக்கள் செய்வதும் அதே வேலைதான். அவற்றின் மேல் தோலில் ஆயிரக்கணக்கான சிறு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஏற்பி என்கிறோம். ஒவ்வொரு ஏற்பிக்கும் ஒரு குறிப்பிட்ட வடிவம் மட்டும் பிடிபடும். அந்த வடிவம் வந்து உட்கார்ந்தால் ஏற்பி சற்று வளையும். அந்த வளைவுதான் அணுவுக்குள் போகிற செய்தி.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கிருமி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீளம். அதைப் பிடிக்கிற வெள்ளை அணு அதைப்போல் பத்து மடங்கு அகலம்.

"வெள்ளை அணு எல்லாம் ஒண்ணுதானே? இதுல யார் தடவிப் பார்க்கிறது?"

ஒன்றல்ல. உங்கள் தாளில் வெள்ளை அணு எண்ணிக்கைக்குக் கீழே சதவீதம் பிரித்துப் போட்டிருப்போம். அதில் பாதிக்கு மேல் இருப்பது நியூட்ரோஃபில். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுள் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். மேக்ரோஃபேஜ் என்பது தோல், நுரையீரல், ஈரல் என்று அங்கங்கே குடியிருக்கிற அணு. முதலில் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். டென்ட்ரிட்டிக் அணு என்று இன்னொன்று உண்டு: கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நெறிகட்டும் இடத்துக்குப் போய், லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்குக் காட்டும். எதிர்ப்பொருள் உண்டாவது அதற்கு அப்புறம், பல நாள் கழித்து.

அணு ஒன்று கிருமியை விழுங்கும் என்பதையே ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"உலகத்துல எத்தனையோ ஆயிரம் கிருமி இருக்கு. அத்தனைக்கும் அடையாளம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா?"

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இல்லை, ஒரு கிருமியின் பெயரும் அதற்குத் தெரியாது. கிருமியாகப் பிறந்தால் எதையெல்லாம் சுமந்தே ஆக வேண்டுமோ, அந்தச் சில பொருள்களை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது. கிருமிக்குச் சுவர் வேண்டும். அந்தச் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற பின்னல். நீந்த வால் வேண்டும். அது ஃபிளாஜெலின் என்ற புரதம். சில கிருமிகளுக்கு மேலே இன்னொரு கொழுப்புப் போர்வையும் உண்டு. நம் உடம்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே எது தென்பட்டாலும் வெளியாள் என்று பொருள். இவற்றை மாற்றிக்கொள்வதும் கிருமிக்கு எளிதல்ல. சுவரை விட்டுவிட்டால் பெரும்பாலான கிருமிகள் வெடித்துச் செத்துவிடும்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1989-இல் சார்ல்ஸ் ஜேன்வே என்ற அமெரிக்கர் ஒரு கூட்டத்தில் வாதிட்டார். அப்போது அவர் கையில் ஓர் ஏற்பிகூட இல்லை, யோசித்தே சொன்னார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். டோல் வகை ஏற்பிகள் என்று இன்று நாம் சொல்பவை மனிதனில் வேலை செய்வது வெறும் பத்து. அவற்றோடு வேறு சில ஏற்பிக் குடும்பங்களும் சேர்ந்து, இவ்வளவு பெரிய கிருமி உலகத்தையும் கவனித்துக்கொள்கின்றன.

"ரிப்போர்ட்ல கிராம் நெகட்டிவ்னு போட்டிருக்கு. கிராம்னா எடையா? நெகட்டிவ்னா ஒண்ணும் இல்லன்னுதானே?"

இரண்டுமே இல்லை. நெகட்டிவ் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கிராம் என்பது ஓர் ஆளின் பெயர்: ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க்காரர். 1884-இல் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தேடும்போது இந்தச் சாயமுறையைக் கண்டுபிடித்தார்.

நான் தினமும் செய்வது இதுதான். சீழை ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, விளக்குச் சூட்டில் லேசாகக் காட்டுவேன். முதலில் ஊதாச் சாயம், அதன்மேல் அயோடின். பிறகு ஆல்கஹால் ஊற்றிக் கழுவுவேன். ஊதா நீர் வழிந்து நிறம் நிற்கும் நொடியில் நிறுத்தியாக வேண்டும். கை தாமதித்தால் எல்லாம் கெட்டுவிடும். கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம். எண்ணெய்ச் சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தடித்த சுவர் உள்ள கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டு கருநீல மணிகளாய்த் தெரியும். அவை கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதன்மேல் கொழுப்புப் போர்வையும் உள்ளவை ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாய் நிற்கும். அவை கிராம் நெகட்டிவ். பக்கத்திலேயே மூன்று நான்கு இதழாய்ப் பிரிந்த உட்கருவோடு நியூட்ரோஃபில் கிடக்கும். அதன் வயிற்றுக்குள் அதே சிவப்புக் குச்சிகள் நாலைந்து. விழுங்கும் நேரத்திலேயே பிடிபட்டவை.

அந்தக் கொழுப்புப் போர்வையின் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் நெருக்கி அடைத்திருக்கும். சுருக்கமாக எல்.பி.எஸ். என்போம். இனி வரும் பல பதில்களுக்கு அடித்தளம் அதுதான், மறக்க வேண்டாம்.

"டோல்னு சொன்னீங்களே, அது என்ன பேரு? யார் வச்சது?"

ஜெர்மன் சொல். 'பிரமாதம்' என்கிற மாதிரி வியப்பில் சொல்வார்கள். 1980-களில் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு என்ற அம்மையாரின் கூடத்தில் பழ ஈயின் கரு எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மரபணு கெட்டால் வயிற்றுப் பக்கமும் முதுகுப் பக்கமும் குழம்பிப்போவதைக் கண்டு வைத்த பெயர். நோய் எதிர்ப்போடு சம்பந்தம் உண்டு என்று அப்போது தெரியாது. 1996-இல் பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் இல்லாத ஈ பூஞ்சையில் மூடிச் சாவதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே ஜேன்வேயும் மெட்ஸிடோவும் மனிதனில் அதே மாதிரி ஒன்றைக் கண்டார்கள். 1998-இல் புரூஸ் பாய்ட்லர், எல்.பி.எஸ். ஏற்றினாலும் அசையாத ஒரு வகை எலியில் கெட்டிருப்பது அந்த ஏற்பிதான் என்று கண்டுபிடித்தார். அதன் பெயர் டோல் 4. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே இறந்துவிட்டார்.

டோல் 4 எல்.பி.எஸ்.-ஐப் பிடிக்கும் விதம் அழகானது. எல்.பி.எஸ்.-இன் அடிப்பாகம் கொழுப்பு. ஈ.கோலை என்ற குடல் கிருமி போன்றவற்றில் அதற்கு ஆறு வால்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அதைத் தூக்கிவந்து இன்னொன்றிடம் கொடுக்க, அது டோல் 4-உடன் ஒட்டியிருக்கும் ஒரு குழிக்குள் கொண்டுபோய்ச் செருகும். ஐந்து வால்கள் குழிக்குள் போய்விடும். ஆறாவது வெளியே கிடந்து, பக்கத்தில் இருக்கும் இன்னொரு டோல் 4-ஐ இழுத்துச் சேர்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே மணி அடிக்கும். பிளேக் கிருமி மனிதச் சூட்டுக்கு வந்ததும் நான்கு வால் மட்டும் வைத்துக்கொள்கிறது. சேர்த்து இழுக்க ஆள் இல்லை, மணியும் அடிப்பதில்லை. அது ஊரை ஊராகக் காலி செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"சரி, கிருமின்னு தெரிஞ்சாச்சு. அணு அப்புறம் என்ன பண்ணும்?"

ஏற்பி வளைந்ததும் செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய், என்.எஃப். கப்பா பி என்ற பொத்தானை அழுத்துகிறது. சில நிமிடங்களில் அடங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்து, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 என்ற செய்திப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். அவை பக்கத்து ரத்தக் குழாயைத் தளர்த்தும். இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும்.

ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அந்த இடம் வந்ததும் குழாய்ச் சுவரில் உரசி, உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாக வெளியே நுழையும். கிருமி எங்கே என்பதற்கும் அதற்கு ஒரு மோப்பம் உண்டு. கிருமிகள் தங்கள் புரதத்தை ஃபார்மைல் என்ற ஒரு சிறு ஒட்டுடன் தொடங்கும். அந்தத் துண்டுகள் கசியும் திசையில் நியூட்ரோஃபில் நகரும். நம் அணுவுக்குள் சக்தி செய்து தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே ஒட்டு உண்டு. ஆதியில் அதுவும் ஒரு கிருமிதான். அதனால்தான் கிருமியே இல்லாமல் நசுங்கிப்போன சதையைத் தேடியும் நியூட்ரோஃபில் ஓடிவருகிறது.

விழுங்கிய பிறகு, பையை மூடி, உள்ளே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைச் செய்கிறது. குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்தால் கிருமியைக் கொல்வது எதுவோ, அதே பொருள்.

"சீழ் பச்சையா வருது. அப்ப கிருமி பச்சையா?"

பெரும்பாலும் அந்த நிறம் உங்கள் அணுவுடையது. மேலே சொன்ன அமிலத்தைச் செய்யும் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியே பச்சை நிறம். சீழ் என்பது வேலை முடித்துச் செத்த நியூட்ரோஃபில்களின் குவியல். பச்சை நிறமியைத் தானே செய்யும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் உண்டு, ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

"காய்ச்சல் கிருமி உண்டாக்குறதுதானே? பின்ன ஏன் சூடு ஏறும்போது குளிருது?"

காய்ச்சலை உண்டாக்குவது நாம்தான். இன்டர்லூக்கின்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் வரை போய், அங்கே உடம்புச் சூட்டின் அளவை உயர்த்தி வைக்கச் சொல்கின்றன. இதுவரை 37 டிகிரி போதும் என்றிருந்த மூளை இப்போது 39 வேண்டும் என்கிறது. உடம்பு இன்னும் 37-லேயே இருப்பதால், மூளைக்கு அது குளிராகப் படுகிறது. நடுங்கிச் சூடு உண்டாக்குகிறோம், போர்வை தேடுகிறோம். இந்த இடையில் வேலை செய்வது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். பாராசிட்டமால் அதைக் குறைத்து சூட்டை இறக்கும். கிருமியை அது ஒன்றும் செய்யாது.

"சி.ஆர்.பி. 96-ன்னு வந்திருக்கு. 96 கிருமியா?"

இல்லை. சி.ஆர்.பி. உங்கள் ஈரல் செய்யும் புரதம். இன்டர்லூக்கின் 6 ஈரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அது செய்யத் தொடங்கும். ரத்தத்தில் கூடுவதற்கு ஆறு மணி நேரமாவது ஆகும், உச்சிக்குப் போக ஏறக்குறைய இரண்டு நாள். ஆகவே காலையில் காய்ச்சல் வந்து மத்தியானம் எடுத்த சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கூட்டும் காரணம் நின்றுபோனால் ஒரு நாளைக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் ஒரு தாளைவிட இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பயன்.

இதிலும் ஒரு சங்கதி உண்டு. 1930-இல் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டபோது, நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு அது ஒட்டிப் படிவதைப் பார்த்துத்தான் பெயரே வந்தது. அதாவது சி.ஆர்.பி.-யும் கிருமியைத் தொட்டு அடையாளம் காணும் ஒரு கைதான். அணுவோடு ஒட்டாமல் ரத்தத்தில் மிதக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

"எங்க காலத்துல ஊசியைக் கொதிக்க வச்சுப் போடுவாங்க. சில சமயம் பாட்டில் ஏத்தின கொஞ்ச நேரத்துல தூக்கிப் போடுற மாதிரி நடுங்கும். கொதிச்ச அப்புறமும் கிருமி சாகலையா?"

கிருமி செத்திருக்கும். எல்.பி.எஸ். சாகாது, அதற்கு உயிரே இல்லையே. கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். செத்த கிருமியின் தோல் பாட்டிலில் மிச்சமிருந்தாலும், டோல் 4-க்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் கிடையாது. ஒரு கிலோ எடைக்கு நாலு நானோகிராம் எல்.பி.எஸ். ரத்தத்தில் ஏறினால், ஆரோக்கியமான ஆளுக்கே குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மருந்தே ஒவ்வாமல் போவது போன்ற வேறு காரணங்களாலும் நடுக்கம் வரலாம். எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இப்போது நரம்பில் ஏற்றும் மருந்துகளை எல்.பி.எஸ். இருக்கிறதா என்று சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்குக் குதிரைலாட நண்டின் ரத்தம் உதவுகிறது. நீல நிறமான அந்த ரத்தத்தின் அணுக்கள் துளி எல்.பி.எஸ். பட்டாலும் உறைந்துவிடும். லெவினும் பேங்கும் 1960-களில் அதைச் சோதனையாக்கினார்கள்.

"வயித்துக்குள்ள கோடி கோடியா கிருமி இருக்காம். நாம நப்பின்னு புளிச்ச மீன் விழுது வேற சாப்பிடுறோம். அப்ப வயிறு ஏன் எப்பவும் வீங்கிக் கிடக்கல?"

குடலின் உட்சுவருக்கும் கிருமிகளுக்கும் நடுவே சளிப் படலம் இருக்கிறது. பெருங்குடலில் அதன் உள்ளடுக்கில் கிருமி நுழைவதே அரிது. அதோடு, ஃபிளாஜெலினைப் பிடிக்கும் டோல் 5-ஐக் குடல் அணுக்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் வைத்திருக்கின்றன. தெருவில் போகிறவனைப் பார்த்துக் குரைக்காமல், வேலி தாண்டியவனைப் பார்த்து மட்டும் குரைக்கும் நாய் மாதிரி. அங்கே குடியிருக்கும் கிருமிகளில் ஒரு பெரும் பங்கு பாக்டீராய்டிஸ் வகை, அவற்றின் எல்.பி.எஸ்.-இல் வால்களும் குறைவு. அதனால் என்ன ஆகும் என்று மேலே டோல் பதிலில் பார்த்தோம்.

நப்பியில் இருக்கும் செத்த கிருமித் துண்டுகளும் இதே வேலிக்கு வெளியேதான் கடந்துபோகின்றன.

"அலகு குத்துறவங்களுக்கு ஏன் சீழ் பிடிக்கிறதில்ல? அது சாமி காரியம்னு எங்கப்பா சொல்றாரு."

காவடி எடுக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். உங்கள் அப்பாவோடு வாதிட மாட்டேன். அணுக்களின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். முகத்துக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம், நியூட்ரோஃபில் சீக்கிரமே வந்து சேரும். கூரான வழுவழுப்பான அலகு சதையை நசுக்காமல் விலக்கிக்கொண்டு போகிறது. செத்த சதை குறைவு என்றால் கிருமி ஒளிய இடமும் குறைவு. சில மணி நேரத்தில் எடுத்தும் விடுகிறோம். உமிழ்நீரில் லைசோசைம் இருக்கிறது. 1922-இல் ஃபிளெமிங் அதைப் பற்றி எழுதினார், பெனிசிலினுக்கு முன்பே. அது கிருமிச் சுவரின் பின்னலை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் அணுவுக்குள் இருக்கும் நாட் 2 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்து மறுபடி மணி அடிக்கும்.

ஆனாலும் சிலருக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. சீழ் மட்டுமல்ல, ஒருவருக்குக் குத்திய அலகை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்.ஐ.வி.-யும் சேர்ந்து போகும். ஆளுக்கு ஓர் அலகு வைத்துக்கொள்ளுங்கள்.

"பெகு பக்கம் எங்க மாமாவுக்கு வயல் வேலை, சர்க்கரையும் இருக்கு. ஈரல்ல சீழ்க்கட்டி, மாசக் கணக்கா காய்ச்சல். டி.பி.ன்னு மருந்து குடுத்தாங்க, கேட்கல. மண்ணுல இருந்து வர்ற கிருமின்னு இப்பச் சொல்றாங்க. அப்படி ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. அதை உலகத்துக்கு முதலில் சொன்ன ஊரே நம் ஊர்தான். 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணவறையில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்துபோன ஏழைகள் பலரின் நுரையீரலிலும் ஈரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டு, அதிலிருந்து புதிய கிருமி ஒன்றை வளர்த்தார்கள். அடுத்த வருடம் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நோய்க்கு விட்மோர் நோய் என்றுதான் பெயர் நின்றது. கிருஷ்ணசாமியின் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்றைய பெயர் மெலியாய்டோசிஸ், கிருமி பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். மழைக்காலத்தில் காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சிலோ நுழையும்.

கிராம் சாயத்தில் இளஞ்சிவப்புக் குச்சி. இரு முனையும் அடர்ந்து நடுவில் வெளிறி, சேலைக்குக் குத்தும் ஊக்கு மாதிரி இருக்கும். அதன் எல்.பி.எஸ். ஈ.கோலையினுடையதைவிட மந்தமாகத்தான் மேக்ரோஃபேஜை எழுப்புகிறது. விழுங்கப்பட்டால் பையைக் கிழித்துக்கொண்டு அணுவின் உட்பரப்பிலேயே குடியேறும். அங்கே நம் அணுவின் ஆக்டின் நூலையே வாலாக்கித் தள்ளிக்கொண்டு, பக்கத்து அணுவை முட்டி, இரண்டையும் ஒட்டவைத்து ஒன்றாக்கிவிடும். வெளியே வராமலே வீடு மாறுகிறது. ஆனால் அணு அங்கேயும் காவல் வைத்திருக்கிறது. உட்பரப்பில் ஃபிளாஜெலினோ, கிருமி குத்தும் ஊசியின் புரதமோ தென்பட்டால் ஒரு வகை ஏற்பி விழிக்கும், எல்.பி.எஸ். தென்பட்டால் காஸ்பேஸ் என்ற நொதிகள் நேராகவே பிடிக்கும். இரண்டிலும் முடிவு ஒன்று: அணு தன் தோலில் தானே ஓட்டை போட்டு வெடித்து, கிருமியை வெளியே நியூட்ரோஃபில்களிடம் தள்ளிவிடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரின் நியூட்ரோஃபில் மெதுவாக வரும், விழுங்கினாலும் சரியாகக் கொல்லாது. அதனால்தான் இந்த நோயாளிகளில் சர்க்கரைக்காரர்கள் அவ்வளவு பேர். பெனிசிலினும் ஜென்டாமைசினும் பொதுவாக இதற்குக் கேட்காது. செஃப்டாசிடிம் கொடுத்தால் சாவு பாதியாகக் குறைகிறது என்று தாய்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 1989-இல் காட்டியது. ஊசி முடிந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை உண்டு. பாதியில் விட்டால் திரும்ப வரும். இரண்டாம் உலகப் போரில் இந்தப் பக்கம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து நோய் வெளிப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. மாமாவின் சீழையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பச் சொல்லுங்கள், இந்தக் கிருமியைத் தேடுவதாகக் கூடத்துக்கும் சொல்லிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரண அழுக்குக் கிருமி என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. காலுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

"டைபாய்டுல மட்டும் ஏன் முதல் வாரம் ஒண்ணுமே பிடிபடமாட்டேங்குது?"

அந்தக் கிருமி ரத்தத்துக்குள் வரும்போது வி.ஐ. என்ற உறையைப் போர்த்தி எல்.பி.எஸ்.-ஐ மறைத்துக்கொள்ளும், வாலையும் குறைத்துக்கொள்ளும். டோல் 4, டோல் 5 இரண்டின் கையிலும் சிக்காமல் உள்ளே போகிறது. அந்த உறையையே வைத்துத் தடுப்பூசி செய்திருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல்.

"கிருமியை அடிக்கத்தானே இத்தனையும்? அப்ப செப்சிஸ்ல ஏன் ஆள் போயிடுறாங்க?"

கால் விரலில் ஒரு குழாய் தளர்ந்தால் வீக்கம். உடம்பெங்கும் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் தளர்ந்து கசிந்தால் அதுதான் செப்சிஸ், ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அங்கங்கே ரத்தம் உறையும், சிறுநீரகம் நிற்கும். டி.என்.எஃப். என்ற அதே செய்தி, ஒரு தெருவுக்குச் சொல்ல வேண்டியது ஊருக்கே போய்விட்டது. டோல் 4-ஐ அடைத்துவிட்டால் சரியாகுமே என்று எரிடோரான் என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2013-இல் வந்த முடிவில் அது உயிர்ச்சேதத்தைக் குறைக்கவில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது மணி அடித்து நெடுநேரம் ஆகியிருக்கும் என்பது ஒரு காரணம். அதனால் காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"கடையில பொட்டலமா கட்டித் தர்ற கலவை மாத்திரை ரெண்டு வேளை போட்டா காய்ச்சல் பறந்துடுதே. அது நல்ல மருந்துதானே?"

என் சொந்தச் சித்தப்பா இப்படித்தான் பத்து நாள் விழுங்கினார். காய்ச்சல் போனது, பசி வந்தது, நன்றாக இருக்கிறேன் என்றார். பதினோராம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடைக்குள் ஒரு செம்பு சீழ். பேர் இல்லாத அந்த வெள்ளை மாத்திரைகளில் ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு அணுவின் உட்கருவுக்குப் போய், முன்னே சொன்ன என்.எஃப். கப்பா பி பொத்தானை அமுக்கவிடாமல் செய்கிறது. செய்திப் புரதம் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கிருமி மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போது தடுக்கவும் ஆள் குறைவு.

எங்கள் வேலையையும் அது குழப்பும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு உதிர்த்துவிடுவதால் எண்ணிக்கை கூடித் தெரியும். எந்த நோய்க்கும் டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு வேறு விஷயம். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலம் வாங்கியிருந்தால் வெட்கப்படாமல் அதைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

"பிறவியிலேயே இந்த மணி அடிக்காத பிள்ளைங்க உண்டா?"

மிக அரிதாக உண்டு. டோலிலிருந்து உள்ளே செய்தி கடத்தும் ஐராக் 4, மைடி 88 என்ற புரதங்களில் ஒன்று கெட்டுப் பிறக்கும் பிள்ளைகள். நிமோனியாக் கிருமியும் ஸ்டஃபிலோகாக்கஸும் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும். ஆனால் பெரிய காய்ச்சலோ சி.ஆர்.பி.-யோ ஏறாது, அதனால் தாமதமாகத்தான் தெரியவரும். பெரும்பாலான வைரஸ்களை அவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே சமாளிக்கிறார்கள். சிறு வயதைக் கடந்துவிட்டால், எதிர்ப்பொருள்கள் கைகொடுக்க, நோயும் குறைந்துவிடுகிறது.

"குழந்தைக்கு பி.சி.ஜி. போட்டு ஒரு மாசம் ஆகுது. ஊசி போட்ட இடத்துல கட்டி வந்து சீழ் வடியுது. ஊசி கெட்டுப்போச்சா?"

இல்லையம்மா, அது வேலை செய்கிறது. பி.சி.ஜி. என்பது மாட்டின் டி.பி. கிருமியை கால்மெட்டும் கெரேனும் பதின்மூன்று வருடம் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தது. 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். உயிருள்ள கிருமிதான். அதன் மெழுகுச் சுவரை மேக்ரோஃபேஜ் தொட்டுத் தெரிந்துகொண்டு, ஆள் சேர்த்து, சுற்றி வளைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் சிறு கட்டி, அது உடைந்து புண், பிறகு தழும்பு. அதே சமயம் அதன் சுவர்த் துண்டுகள் அலகுக் கேள்வியில் சொன்ன நாட் 2-இல் உட்கார்ந்து, சில அணுக்களை அடுத்த முறை இன்னும் வேகமாக எழும்படி பழக்கிவைக்கின்றன. டி.பி.-யோடு சம்பந்தமில்லாத கிருமி வந்தாலும் அந்தப் பழக்கம் உதவுகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது.

புண்ணைப் பிதுக்க வேண்டாம். தனக்கா மரப்பட்டைப் பூச்சோ மஞ்சளோ பூச வேண்டாம், கட்டும் போட வேண்டாம். குளிப்பாட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தானே ஆறிவிடும். அக்குளில் நெறி பெரிதாகக் கட்டினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சுணங்கினாலோ மட்டும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.